முறுக்கினால் திணறும் வண்டி: புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு

பழைய கார்பரேட்டர் வண்டிகளைத் தேடிப்பிடித்து ஓட்டும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அப்பாவின் ஆர்எக்ஸ் 100, பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் கிடந்த புல்லட், யாரோ கைவிட்ட யெஸ்டி என்று எதையாவது தூசு தட்டி எடுத்து வந்துவிடுகிறார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் கார்பரேட்டர் அநேகமாக இல்லாமலே போய்விட்டது. ஸ்கேனரைச் சொருகிக் கோளாறு பார்க்கத் தெரிந்த கைகள் பெருகுகின்றன. ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தப் பழக்கம் உங்களிடமாவது தங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் புகார் இது: “மெதுவா ஓட்டினா நல்லாத்தான் போகுதுண்ணே. லாரியைத் தாண்டலாம்னு முறுக்கினா மட்டும் திணறுது.” இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லாரிக்குப் பக்கவாட்டில் பாதி தூரம் போனபின், எதிரே பஸ் வரும் நேரத்தில் வண்டி அமுங்கினால் ஓட்டுகிறவனுக்கு முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை. மைலேஜ் குறைந்தால் காசு போகும். இது உயிரைக் கேட்கிற கோளாறு.

புகாரைக் கேட்டதும் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவ உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். என் கட்சி வேறு. திணறல் எந்த இடத்தில், எந்த விதத்தில் வருகிறது என்று தெரியும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள்.

1. வண்டியைத் தொடுமுன் வண்டிக்காரரிடம் பேசுங்கள். எப்போதிருந்து இப்படி, அதற்கு முன்னால் வண்டிக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சைலன்சர் மாற்றிய பிறகு என்றால் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் இருந்த கணக்கு மாறியிருக்கிறது. மூன்று மாதம் சும்மா நின்ற பிறகு என்றால் ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி ஜெட்டில் படிந்திருக்கும். வாட்டர் வாஷ் முடித்த அன்றே என்றால் பிளக் கேப்பைக் கழற்றித் துடையுங்கள். யாரோ டியூனிங் செய்த பிறகு என்றால் அவர் கை வைத்த இடத்திலிருந்தே ஆரம்பியுங்கள். இன்ஜின் சூடானபின் மட்டும் வருகிறதா, ராத்திரி ஹெட்லைட் போட்டால் மட்டும் வருகிறதா, ரிசர்வில் போட்டால் சரியாகிவிடுகிறதா என்ற மூன்று கேள்விகளையும் விடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைக் காட்டும். அது எந்தப் பக்கம் என்று பின்னால் சொல்கிறேன்.

2. அது திணறல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முறுக்கும்போது இன்ஜின் சத்தம் மேலே ஏறுகிறது, வண்டி மட்டும் வேகம் பிடிக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கார்பரேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியை ஸ்டாண்டில் போட்டு இரண்டு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பாருங்கள்; பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, ஒருவரை முழுக்க முறுக்கச் சொல்லி கார்பரேட்டரின் வாயைப் பாருங்கள். ஸ்லைடு மேலே முழுக்க ஏறாமல் நின்றால் கேபிளைச் சரிசெய்தால் போதும். நான் சொல்வது ஸ்லைடு நேரே கேபிளில் தொங்கும் பழைய மாதிரிக்கு. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

3. ஆக்சிலேட்டர் கைப்பிடியில் கோடு போடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலையில் சுவிட்ச் பெட்டியின் விளிம்புக்கு நேராக ஒரு கோடு, முழுக்க முறுக்கிய நிலையில் ஒரு கோடு போட்டு, இடைப்பட்ட தூரத்தை நான்காகப் பிரியுங்கள். வண்டிக்காரர் “அறுபதில் திணறுது” என்பார். அறுபது என்பது சாலையின் கணக்கு. கார்பரேட்டருக்கு அது தெரியாது. தன் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும்.

ஆளில்லாத நேர்ச்சாலையில் மூன்றாவது கியரில், ஒவ்வொரு கோட்டிலும் சில விநாடி பிடித்து ஓட்டுங்கள். ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் போன்ற ஸ்லைடு கார்பரேட்டரில் மூடிய நிலையிலிருந்து அரைக்கால் திறப்புவரை பைலட் ஜெட்டின் ஆட்சி. அரைக்காலிலிருந்து கால்வரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டிய வெட்டு. காலிலிருந்து முக்கால்வரை நீடிலும் அது இறங்கி நிற்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், ஆனாலும் பாதியில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட் மாற்றுவது வீண் என்று இதிலேயே தெரிந்துவிடும். எஃப்இசட் 16, யூனிகார்ன், கிளாசிக் 350-ன் கார்பரேட்டர் மாடல் ஆகியவற்றில் இருக்கும் சி.வி. கார்பரேட்டரில் கைப்பிடி ஒரு தகட்டைத்தான் திருப்பும். ஸ்லைடு இன்ஜினின் உறிஞ்சலால் தானே ஏறும். அங்கே இந்தக் கோடுகள் அவ்வளவு கறாராகப் பேசாது. அதற்குத் தனியாக வருகிறேன்.

4. திணறலின் சாயலைக் காதாலும் தொடையாலும் படியுங்கள். முறுக்கிய அந்த நொடியே வண்டி உள்ளிழுத்தாற்போல் அமுங்கி, பிறகு எழும்பினால் பெட்ரோல் பற்றவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். சத்தம் கனத்து, படபடவென்று அடைத்துக்கொண்டு, பின்னால் கறுப்புப் புகையும் விட்டால் பெட்ரோல் கூடிவிட்டது. விளக்கை அணைத்துப் போட்டதுபோல் சட்டென்று வெட்டி வெட்டி விட்டால் கரண்ட் பக்கம் போங்கள். முதலில் ஒரு கிலோமீட்டர் பிரமாதமாய் இழுத்துவிட்டு, பிறகு மெல்ல மெல்லக் களைத்து, கையை மூடிச் சற்று ஓட்டியதும் மறுபடி தெம்பு வந்தால் டேங்கிலிருந்து வரும் வழியில் அடைப்பு. இந்த நான்கையும் பிரித்தறியப் பழகியவனுக்குப் பாதி வண்டிகள் பட்டறைக்குள் நுழையுமுன்பே பேசிவிடும்.

5. பெட்ரோல் வருகிற வழியை டேங்க் மூடியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். டேங்க் மூடியில் காற்று போக நுண்ணிய துளை உண்டு. அது அடைத்தால், மேலே ஒரே ஒரு ஓட்டை போட்ட எண்ணெய் டின்னைப்போல் டேங்க் பெட்ரோலைக் கீழே விடாது. திணறும் நேரத்தில் ஓரம் கட்டி மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அகப்பட்டான். டேங்குக்கு ரெக்சின் கவர் தைத்துப் போட்டிருக்கும் வண்டிகளில் கவரே அந்தத் துளையை மூடியிருப்பதும் உண்டு.

அடுத்தது பெட்ரோல் டேப். மெயினில் திணறி ரிசர்வில் ஓடினால், டேங்குக்குள் நிற்கும் உயரக் குழாயின் சல்லடையில் துரு. கண்ணால் பார்த்து “வருது” என்று விட்டுவிடாதீர்கள், அளந்து பாருங்கள். ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து, சிறு குழாயை ஒரு பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். ஆர்எக்ஸ் 100 மாதிரி 11 குதிரைசக்தி வண்டி முழுக்க முறுக்கினால் மணிக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு எழுபது எண்பது மில்லி. அதைப்போல் இரண்டு மடங்காவது ஒரே சீராக விழ வேண்டும். முதல் பத்து விநாடி தாராளமாக விழுந்து, பிறகு நூலாக இளைத்தால் அதுதான் உங்கள் திணறல்; கண்ணெதிரே பாட்டிலில் பார்த்துவிடலாம். இப்படிப் பிடிப்பதில் இன்னொரு லாபம், ஃப்ளோட் வால்வையும் சேர்த்தே சோதித்துவிடுகிறோம். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சிந்தக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

பெட்ரோல் குழாய் வளைந்து மேலேறி இறங்கக் கூடாது. கடையில் வாங்கிச் சொருகிய பெரிய பிளாஸ்டிக் ஃபில்டரால் குழாய் மடங்கி நிற்கிற வண்டிகள் ஏராளம். பாட்டிலில் பிடித்த பெட்ரோலை அப்படியே வைத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர்.

6. வெளியே பொறி வந்தால் கரண்ட் சரி என்று நினைத்துவிடாதீர்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்துக் கிக்கரை உதைத்தால் நீலமாய்ப் பொறி வரும். வெளிக்காற்றில் பொறி தாவுவது சுலபம். முழுக்க முறுக்கும்போது சிலிண்டருக்குள் சரக்கு நிறைய நுழைந்து, அழுத்தம் மிக அதிகமாகிறது; அந்த அழுத்தத்தைக் கிழித்துப் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். இளைத்த காயில், விரிசல் விட்ட பிளக் ஒயர், உப்புப் பிடித்த பிளக் கேப் எல்லாம் மெதுவாய் ஓட்டும்போது ஒப்பேற்றிவிடும், முறுக்கும்போதுதான் கைவிடும்.

இதற்கு ஒரு எளிய சோதனை. பெரும்பாலான வண்டிகளில் பிளக் இடைவெளி 0.6-லிருந்து 0.8 மில்லிமீட்டர். தற்காலிகமாக 0.5-க்குக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். திணறல் போய்விட்டால், அல்லது இன்னும் மேலே தள்ளிப் போனால், கார்பரேட்டரை விட்டுவிட்டு காயில் பக்கம் திரும்புங்கள். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு பிளக் ஒயரைக் கவனித்தால் கரண்ட் கசிகிற இடத்தில் நீலப் புழு ஊர்வது தெரியும். போலி பிளக்குகள் நிறையப் புழங்குகின்றன. சந்தேகம் வந்தால் தெரிந்த கடையில் நல்ல பிளக் வாங்கிப் போட்ட பிறகே மேற்கொண்டு யோசியுங்கள்.

ஹெட்லைட் போட்டால் மட்டும் திணறுகிறது என்றால், பேட்டரியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் போகும் பழைய புல்லட் போன்ற வண்டிகளில் பேட்டரியையும் சார்ஜிங்கையும் பாருங்கள். பாயிண்ட் வைத்த புல்லட்டில் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் முனையில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் விழுந்திருந்தால் கண்டென்சர் போய்க்கொண்டிருக்கிறது. சூடானபின் மட்டும் வரும் திணறலுக்கும் கண்டென்சர், காயில் இரண்டின்மேலும் சந்தேகம் வையுங்கள். பாயிண்ட் தகட்டுக்கு அடியில் இரண்டு எடைகளும் ஸ்பிரிங்குகளும் உண்டு. வேகம் ஏற ஏற அவை விரிந்து பொறியை முன்கூட்டித் தள்ள வேண்டும். துருவேறி இறுகிவிட்டால் வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் அழகாக இருக்கும், முறுக்கினால் மட்டும் சோம்பிக் கிடக்கும். விரலால் திருப்பிவிட்டால் தானே திரும்பி வர வேண்டும்.

7. பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று தீர்மானிக்காமல் ஜெட் வாங்கப் போகாதீர்கள். திணறுகிற அதே திறப்பில் சோக்கைப் பாதி இழுங்கள். திணறல் குறைந்தால் பெட்ரோல் பற்றவில்லை. மோசமானால் ஏற்கெனவே கூடுதல். முழுக்க முறுக்கிய நிலையில் சோக்கின் பேச்சு சரியாகக் கேட்காது. அப்போது கையைச் சற்றே, இம்மி அளவு, மூடிப் பாருங்கள். மூடியதும் வண்டி இன்னும் விறுவிறுப்பாக இழுத்தால் மெயின் ஜெட்டுக்குப் போதுமான பெட்ரோல் இல்லை.

இதற்கு எதிர்த்திசைச் சோதனையும் இருக்கிறது. டேப்பை மூடிவிட்டு ஓட்டினால் கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்கப் பெட்ரோல் குறையும். நின்றுபோவதற்கு முந்தைய சில விநாடிகள் வண்டி தெளிவாக ஓடினால் பெட்ரோல் கூடுதல் என்று அர்த்தம். ஆளில்லாத சாலையில், ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்து முழு முறுக்கில் ஓடினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

பிளக்கின் நிறம் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கழற்றிய பிளக் ஐடிலிங்கைப் பற்றித்தான் சொல்லும். மெயின் ஜெட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் புது பிளக் போட்டு, முழு முறுக்கில் சில விநாடி ஓட்டி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, உருட்டி நிறுத்தி அங்கேயே கழற்றிப் பார்க்க வேண்டும்.

8. ஏர் ஃபில்டரும், காற்று திருட்டுத்தனமாய் நுழையும் இடங்களும். அழுக்கேறிய ஃபில்டர் பெட்ரோலைக் கூட்டிக் காட்டும். ஃபில்டரே இல்லாத வண்டி, மூடி தொலைந்த ஏர் பாக்ஸ் இரண்டும் குறைத்துக் காட்டும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டி “இப்ப நல்லா இழுக்குது” என்று அப்படியே அனுப்பிவிடாதீர்கள், சிலிண்டரில் மண் போய்ச் சேரும். கார்பரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரை வளைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்; வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கம்தான் இருக்கும். ஐடிலிங்கில் ஓடவிட்டு இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவினால் வெடிப்புள்ள இடத்தில் சத்தம் மாறும். இதற்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறவர்களை நான் பக்கத்தில் நிற்கவிட மாட்டேன்.

9. இவ்வளவும் பார்த்த பிறகு கார்பரேட்டரைத் திறங்கள். முதலில் ஏர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதிவைத்துவிட்டுக் கழற்றுங்கள். அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் கலவையை அளக்கிறது, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு மணிக்கணக்காய்த் திருகுகிறவர்கள் உண்டு.

ஜெட் பித்தளை, மென்மையான உலோகம். இரும்புக் கம்பியைக் குத்தினால் துளை பெரிதாகும், எண் மட்டும் பழையபடி இருந்து உங்களை ஏமாற்றும். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வேண்டுமானால் தூண்டில் நரம்பைவிட்டு இழுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துளை கோணலில்லாத முழு வட்டமாகத் தெரிய வேண்டும். நீடில் ஜெட்டையும் அப்படியே பாருங்கள். பல வருடம் நீடில் உரசி உரசி அது முட்டை வடிவம் ஆகியிருக்கும். பழைய வண்டி பாதித் திறப்பில் அடைத்துக்கொண்டு ஓடுவதற்கு அது முக்கியக் காரணம், எவ்வளவு கழுவினாலும் தீராது. நீடிலையும் ஜெட்டையும் ஜோடியாக மாற்றத்தான் வேண்டும். ஃப்ளோட் உயரத்தை மேனுவலில் சொன்ன அளவுக்கு வையுங்கள். மட்டம் தாழ்ந்திருந்தால் எல்லாத் திறப்பிலும் பெட்ரோல் குறையும், அதிகம் உறைப்பது முழு முறுக்கில்.

10. சி.வி. கார்பரேட்டர் என்றால் ரப்பர் டயஃப்ரத்தை முதலில் பாருங்கள். ஒரு 150 சிசி வண்டி என்னிடம் வந்தது. பல பட்டறை ஏறி இறங்கிய வண்டி. மெயின் ஜெட் பெரிதாக்கியாகிவிட்டது, பிளக், காயில், ஃபில்டர் எல்லாம் புதுசு. ஓட்டுகிற பையன் ஓவர்டேக் செய்வதையே விட்டுவிட்டிருந்தான். மேல்மூடியைக் கழற்றி டயஃப்ரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மடிப்பை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல விரித்தபோதுதான் மடிப்பின் அடியில் குண்டூசி முனை அளவு வெளிச்சம் வந்தது. அந்தத் துளை வழியே உறிஞ்சல் கசிந்து, ஸ்லைடு பாதிக்கு மேல் ஏறாமல் நின்றிருக்கிறது. புது டயஃப்ரத்தையும் பழைய அளவு ஜெட்டையும் போட்டதும் வண்டி சரியாகிவிட்டது.

கழற்றாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஏர் ஃபில்டர் பக்கம் விரலைவிட்டு ஸ்லைடைத் தூக்கி விடுங்கள். தயங்கித் தயங்கி இறங்கினால் நல்லது. டக்கென்று விழுந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது ஓரம் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஸ்லைடு எங்காவது சிக்கி நிற்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அந்த ரப்பரை கிளீனரிலோ பெட்ரோலிலோ ஊறவைக்காதீர்கள், உப்பிப்போய் மறுபடி உட்காராது.

11. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நீடிலின் தலையில் பெரும்பாலும் ஐந்து பள்ளங்கள் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். மெயின் ஜெட் எண்கள் 2.5 அல்லது 5 என்ற கணக்கில் ஏறும். ஒரு படிக்கு மேல் ஒரே தாவலாகத் தாவாதீர்கள். மிக்குனி ஜெட்டின் எண்ணும் கெய்ஹின் ஜெட்டின் எண்ணும் ஒரே அளவுகோல் அல்ல, 100 என்று இரண்டிலும் அடித்திருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. என்ன மாற்றினோம், எந்தக் கோட்டில் என்ன ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். நீடில், ஜெட், பிளக் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி சரியானால், எது சரிசெய்தது என்று உங்களுக்கும் தெரியாது. அடுத்த வண்டிக்கு அந்த அனுபவம் உதவாது.

12. டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சைலன்சரையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே கார்பன் அடைத்தால் புகை வெளியேற வழியில்லாமல் முழு முறுக்கில் மூச்சுமுட்டும். ஆர்எக்ஸ் 100-ல் கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ரீட் வால்வு இருக்கிறது. அதன் இதழ் முனை உடைந்திருந்தாலோ முழுக்க மூடாமல் இடைவெளி விட்டாலோ பெட்ரோல் திரும்பிக் கார்பரேட்டர் வாயில் துப்பும். கிராங்க் ஆயில் சீல் தேய்ந்தால் அது வழியாகவும் காற்று நுழையும்.

13. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு டேப்பெட் இடைவெளியையும் பாருங்கள்; அது தப்பினாலும் வண்டி திணறும். வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் குளிர்ந்த நிலையில் புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

14. எல்லாத் திணறலும் நோயல்ல. பழைய ஸ்லைடு கார்பரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் முறுக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் கிடையாது. நாலாவது கியரில் முப்பதில் போய்க்கொண்டே ஒரே இழுப்பாக முழுக்க முறுக்கினால், காற்று பாய்ந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும். எந்த நல்ல புல்லட்டும் அப்போது அமுங்கத்தான் செய்யும். கியரைக் குறைத்து, கையைச் சீராகத் திறக்கச் சொல்லிக் கொடுங்கள். வண்டிக்காரருக்கு இதைச் சொல்லி அனுப்ப மனமில்லாமல் ஜெட்டைப் பெரிதாக்கிக் கொடுப்பது நேர்மையான வேலை அல்ல.

15. எத்தனால் கலந்த பெட்ரோலைக் கணக்கில் கொள்ளுங்கள். 2025-ல் நம் பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலப்பு பரவலாக வந்துவிட்டது. எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும். தனிப் பெட்ரோலுக்கு என்று வைத்த ஜெட், இந்தக் கலப்புக்கு ஏழெட்டு சதவீதம் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. முன்பே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த வண்டி இப்போது திணற ஆரம்பிக்கும். நீடிலை ஒரு பள்ளம் ஏற்றுவது, மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டுவது பல வண்டிகளுக்குப் போதுமானது. ஆனால் 7-ல் சொன்ன சோதனை செய்து பெட்ரோல் குறைவுதான் என்று உறுதியான பிறகே செய்யுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் உப்பவைக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள். பழைய பெட்ரோல் குழாயையும் டேப் வாஷரையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

16. மலையேறும்போது வரும் திணறலுக்கு அவசரப்பட்டு மருந்து வைக்காதீர்கள். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் மட்டும் கிட்டத்தட்டப் பழைய கணக்கில் வரும். அதனால் கீழே கச்சிதமாக ஓடிய வண்டி மேலே அடைத்துக்கொண்டு ஓடும், இழுவையும் குறையும். இரண்டு நாள் சுற்றுலாவுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கேயே தங்கி ஓட்டுகிறவர் மெயின் ஜெட்டை ஒரு படி குறைக்கலாம். ஆனால் அந்த ஜெட்டோடு கல்லாறு வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, சமவெளிச் சாலையில் முழுக்க முறுக்கினால் பெட்ரோல் பற்றாமல் போகும். டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய ஜெட்டைத் தூக்கிப் போடாமல், எண்ணை எழுதிய சிறு கவரில் போட்டு டூல் பெட்டியில் வைத்துக் கொடுங்கள், இறங்கியதும் மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.